அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது நான்தான்

தம்பி,

இதை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை, ஆபீஸுக்கு அனுப்புகிறேன். உன் கைக்கு வருவதற்கு முன்னால் தபால் பிரிக்கிறவர் படிப்பார், நோட்டில் ஏற்றுவார், முத்திரை குத்தி எண் போடுவார். கண்காணிப்பாளர் படிப்பார். அப்புறம்தான் உன் மேஜைக்கு வரும். தெரிந்துதான் அனுப்புகிறேன். பெயர் போட்டு வருகிற மனுவுக்கு எண் போட்டே ஆக வேண்டும், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு தரம் நீ உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு அனுப்பினால் படித்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாய், அம்மா மானம் போகக் கூடாது என்று. என் மானம் கிடக்கட்டும். நல்லூர்ப் பக்கத்துப் பள்ளியில் காலைச் சாப்பாடு சமைத்த அஞ்சலையைப் பற்றி உனக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்ததே, அதை எழுதியது நான்தான். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வருகிற திங்கட்கிழமை நீ பொறுப்பை ஒப்படைத்துவிட்டு முதன்மைக் கல்வி அலுவலராக வேறு மாவட்டத்துக்குப் போகிறாய். அதற்குள் அவளுக்கு அவள் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். உன் நாற்காலிக்கு அடுத்து வருகிறவருக்கு அஞ்சலை யார் என்றே தெரியாது.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். பொறாமை, தம்பி. வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இருக்கிற சொல்லை வைத்துத்தான் எழுத முடியும். இது புதிதாக வந்ததும் இல்லை. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் ஓடி வந்து, "இன்னிக்கு டீச்சர அம்மான்னு கூப்ட்டுட்டேம்மா, எல்லாரும் சிரிச்சாங்க" என்று நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் உனக்குத் தலை வாரிவிடவில்லை. உன் அப்பா சூளை வேலை முடிந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏழு வயசுப் புள்ளகூட சண்ட போடற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். "நீங்க ஒங்க சூளையப் பாருங்க" என்றேன். அப்போது அது சின்னதாக இருந்தது, வீட்டுக்குள்ளேயே கிடந்தது. நீ வாத்தியாராகி, தலைமை ஆசிரியராகி, மாவட்டக் கல்வி அலுவலராகி ஜீப்பில் போக ஆரம்பித்ததும் அதுவும் கூடவே வளர்ந்தது. உன்னை எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் ஒன்று மிச்சம். அதிலும் பாதி நேரம், "இரும்மா, இன்னொரு போன் வருது" என்பாய்.

உன் அப்பா போன நாளைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் வாய் திறந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த மனுஷன் படியில் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உனக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாய். வினாத்தாள் இருக்கிற கட்டடத்துக்குள் போனை எடுத்துப் போகக் கூடாதாம், அப்புறம்தான் சொன்னார்கள். ஆபீஸுக்குப் போட்டேன். "ஐயா சென்டர்ல இருக்காரும்மா, தகவல் சொல்லிடறோம்" என்றார்கள். நீ வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கொள்ளி வைத்தாய். மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினாய். "இன்னிக்கு கணக்குப் பரீட்சம்மா. அவ்ளோ புள்ளைங்களும் எழுதணும்" என்றாய். நான் தலையாட்டினேன். வந்திருந்த சனம் கடமை தவறாத பிள்ளை என்று மெச்சிக்கொண்டது. எனக்கோ கணக்குப் பரீட்சை எழுதுகிற அத்தனை பிள்ளைகள் மேலும் வயிறு எரிந்தது. தகப்பன் போன வீட்டில் ஒரு நாள் உட்கார உன்னை விடாத பிள்ளைகள். அதுகளுக்கு என்ன தெரியும், பாவம், எங்கேயோ பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனாலும் எரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒருத்திக்குத்தான் சமையல். உன் அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் என் கையால் சாப்பிட்டார், ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "உப்பு சரியா?" என்பேன். "ம்" என்பார். அதுதான் நம் வீட்டில் பாராட்டு. நீயும் அந்த "ம்" சொல்லித்தான் வளர்ந்தாய். இப்போது அதுவும் இல்லாமல் அடுப்படி காதை அடைக்கிறது. (மருமகள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் வைக்கிற குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன்.) கடலூரிலிருந்து நல்லூர்ப் பக்கம் பள்ளிகளைப் பார்க்க நீ போகிறபோதெல்லாம் விருத்தாசலத்தைத் தாண்டித்தான் போகிறாய். நம் தெருமுனை வழியாகத்தான் உன் ஜீப் போகும். நான் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்கு நடந்து போகையில் இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் கையைத் தூக்கினேன். நீ முன்சீட்டில் குனிந்து ஏதோ காகிதம் பார்த்துக்கொண்டிருந்தாய். டிரைவர் என்னைப் பார்த்தார், ஆனால் வண்டி நிற்கவில்லை. தூக்கின கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நடந்தேன்.

இப்படி இருக்கிறபோதுதான் அந்தப் போட்டோ வந்தது. கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மைக்கு ஓரம் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். எதிரே உட்காருகிற செல்வி போனைத் தூக்கிக் காட்டினாள். "யக்கா, ஒம்புள்ள போட்டோ பேஸ்புக்குல வந்துருக்குது பாரு. புள்ளைங்களோட தரையில ஒக்காந்து பொங்கல் துன்றாரு."

"கீழ என்னமோ எழுதியிருக்குதே, படிடி" என்றேன்.

அவள் சத்தமாகப் படித்தாள். அந்தப் பள்ளியின் சமையலர் அஞ்சலை வைத்த சாம்பாரைப் போல் ஒன்றை உன் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்று நீ எழுதியிருந்தாய். படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவள் சிரிப்பை அடக்க முடியாமல், "போச்சு போ! பெத்தவ சாம்பாரு அவுட்டு!" என்றாள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். குனிந்து பார்த்தால் கையிலிருந்த பொம்மைக்கு ஓரத்தோடு மூக்கையும் சேர்த்துச் சீவியிருந்தேன். வாழ்நாள் என்று எழுதினாயே தம்பி, அந்த வாழ்நாளில் இருபத்தைந்து வருஷம் என் அடுப்பில் தின்றது.

மறு வாரம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ் பிடித்தேன். எவளோ ஒருத்தி, உன் மனசைக் கவர்ந்த மாதிரி சமைக்கிறவள், மிடுக்காக நிற்பாள் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் ஒட்டிப்போன கன்னமும் முன்கையில் பழைய தீக்காயமுமாக, தலையில் துணித்தொப்பியோடு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். "பேத்திய இந்த ஸ்கூல்ல சேக்கலாம்னு பாக்க வந்தேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். "நல்லா பாருங்கம்மா. மொதல்ல ஒக்காருங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது" என்று ஒரு கல்லைக் காட்டினாள். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார்கள். நான் மெல்ல, "ஒங்க பெரிய ஆபீசரு இங்க வந்து சாப்ட்டாராமே?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. இந்தக் கல்லு மேலதான் ஒக்காந்தாரு. மொதத் தடவ வந்தப்ப தலைமுடி எறக்கியிருந்தாரு. என்னா சார், வூட்ல யாருன்னு கேட்டேன். அவ்ளோதான். தட்டக் கீழ வச்சிட்டுக் கொழந்த மாரி அழுதுட்டாரு. அர மணி நேரம் அவங்க அப்பாவப் பத்தியே பேசினாரு. சூளையில நெருப்போட நெறத்தப் பாத்தே சூடு சொல்லுவாராமே அவரு? மூஞ்சி எப்பவும் செவந்தே இருக்குமாமே?"

என் புருஷன் முகம் செவந்திருக்கும் என்பதை அவள் எனக்குச் சொல்கிறாள். சாம்பாருக்காவது நான் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன், தம்பி. நீ அழுததுதான் என்னைக் கொன்றது. கொள்ளி வைத்தபோது அழவில்லை, கருமாதியில் அழவில்லை, என் மடியில் ஒரு சொட்டு விழவில்லை. எங்கேயோ ஓர் ஊரில், அடுப்புக் கரி படிந்த ஒரு கல்லில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தியிடம் என் புருஷனை அழுது தீர்த்திருக்கிறாய்.

நான் கிளம்பும்போது அவள் கூப்பிட்டு நிறுத்தினாள். அண்டாவில் மிஞ்சினதை இரண்டு கரண்டி எடுத்துத் தன் டப்பாவில் போட்டாள். அவள் மகள் பெயர் வெட்டின எவர்சில்வர் டப்பா. "வெளியாளுக்கு இங்க போடக் கூடாதும்மா, சட்டம். ஆனா நீங்க சாப்டாம வந்துருக்கீங்க, பாத்தாலே தெரியுது. பஸ்ஸுல வச்சித் துன்னுங்க. டப்பாவ அப்புறமாக் குடுங்க, எப்படியும் பேத்திய சேக்க வருவீங்க இல்ல?" என்றாள். பஸ் நிற்கிற இடத்து வேப்பமரத்தடியில் திறந்து சாப்பிட்டேன். முருங்கைக்கீரை உருவிப் போட்டு, இறக்கும்போது வெந்தயம் வறுத்த பொடி தூவியிருந்தாள். என்னுடையதை விட நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றேன். தின்றுவிட்டு விருத்தாசலம் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே தாலுக்கா ஆபீஸ் வாசலுக்குப் போனேன்.

மனு எழுதுகிறவர், "யாருக்கும்மா?" என்றார். "மாவட்டக் கல்வி அலுவலருக்கு" என்றேன். "பேரு போடணுமா?" "வேணாம்." "மொட்டையா? அப்ப கொஞ்சம் காரமா எழுதலாம்" என்று பேனாவை உதறினார். பிள்ளைகளுக்கு வந்த சாப்பாட்டை அந்தச் சமையல்காரி டப்பாவில் போட்டு வெளியாட்களுக்குக் கொடுக்கிறாள், நானே கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். "உயர்திரு ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்குக் கடிதம் போட்டேன், அதில் உன்னை ஐயா என்று கூப்பிட்டேன். கட்டைப்பையில் அந்த டப்பா இன்னும் ஈரமாகவே இருந்தது.

நீ கிழித்துப் போட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன். ஒரு தரம் அவளை முறைத்துப் பார்ப்பாய், அடுத்த தடவை அந்தப் பள்ளிக்குப் போக யோசிப்பாய், அந்தக் காலை நேரத்துக்கு நம் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்துவாய். என் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடியது. ஆனால் இரண்டு ஞாயிறு கழித்துப் போனில் நீயே சொன்னாய். "மொட்டக் கடுதாசிதாம்மா. சாதாரணமா நான் கண்டுக்க மாட்டேன். ஆனா அந்தம்மாவ எல்லாரும் பாக்க நான்தான பாராட்டி எழுதினேன்? விசாரிக்காம விட்டா எனக்கு வேண்டியவங்கன்னு பேசுவாங்க. போய்க் கேட்டேன், அவங்களே ஒத்துக்கிட்டாங்க. யாரோ வயசான அம்மா பசியோட வந்தாங்க, குடுத்தேன்னாங்க."

"யாருன்னு கேட்டியா?" என்றேன்.

"தெரியாதாம். விருத்தாசலம் பஸ்ஸுல ஏறினாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அந்த வேல நம்ம கையில இல்லம்மா, ஒன்றிய ஆபீஸ்தான். ஆனா என் அறிக்கையப் பாத்துட்டு எடுத்துட்டாங்க. எனக்கே மனசு சரியில்ல." நீ அப்படிச் சொன்னபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அதற்குப் பதில் பயம் வந்து உட்கார்ந்தது. உன்னிடம் பேச வேண்டியதை எல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டே மழுப்பிவிடுகிறவள் நான். அஞ்சலை ஒரு கேள்வி கேட்டாள், நீ அழுதாய். நான் அதைக் கேட்கவே இல்லை. செத்தது யார் என்று எனக்குத் தெரியும் என்பதால், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நான் புருஷனை இழந்தவள், நீ என்னை வந்து கேட்க வேண்டும் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தாள், பலகை சுமக்க. பலகையை என் பக்கத்தில் இறக்கிவிட்டு நிமிர்ந்தவள், "யம்மா! நீங்க பேத்திய சேக்க வந்தவங்கதான?" என்றாள். அஞ்சலை. முகமெல்லாம் சிரிப்பு. "சேத்துட்டீங்களா பேத்திய?" "இல்ல." "நல்லதாப் போச்சு, நானும் அங்க இல்ல. எவனோ எழுதிப் போட்டுட்டாம்மா. ஒங்களுக்குக் குடுத்ததுதான் வம்பாயிடுச்சு. ஒங்கள ஒண்ணும் சொல்லல, நீங்க என்னா பண்ணுவீங்க" என்று என் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு ஒதவி. பெரிய சாரு மாத்தலாகிப் போறாராம். அதுக்குள்ள நீங்க ஒரு எட்டு வந்து, பசின்னு வந்த எனக்குத்தான் குடுத்தா, வூட்டுக்கு எடுத்துப் போவலன்னு ஒரு வார்த்த சொல்றீங்களா? அவரு நல்லவரும்மா, கேப்பாரு. புள்ளைங்க நெனப்பாவே இருக்குது எனக்கு. அப்புறம் அந்த டப்பா இருந்தா எடுத்தாங்க, எம்மவ கேட்டுகிட்டே இருக்கறா."

எதிரே செல்வி வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைக் காட்டி அவளை அடக்கினேன். சாயங்காலம் நடந்து வரும்போது அவள் விடவில்லை. "யக்கா, ஒனக்கு இருக்கறது ஒரு பேரன். அவனும் கடலூர்ல படிக்கறான். எந்தப் பேத்திய சேக்க அந்த ஊருக்குப் போன?" நான் நடையை எட்டிப் போட்டேன். "எழுதிப் போட்டது எவன்னு அது கேக்குது. எவன் இல்ல, எவளோ—" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்புறம், "ஒம்புள்ள கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அசிங்கம்" என்றாள். என்னை விட இருபது வயசு சின்னவள். அன்றைக்குத்தான் செட்டியார் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். மனு எழுதுகிறவரிடம் போகவில்லை. மூன்று நாளாக நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் நீ சின்ன வயசில் என் எழுத்தைத் திருத்தின மாதிரி திருத்திக்கொள்.

நீ இதை விடப் பெரிய நாற்காலிக்குப் போகிறாய். படித்தவர்கள் உனக்கு நல்ல வார்த்தை நிறையச் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். மொட்டைக் கடிதம் வந்தால், எழுதினவர் ஊர் நன்மைக்காக எழுதினார் என்று நினைக்காதே. எங்கேயோ ஒருத்தி வயிறெரிந்து உட்கார்ந்திருப்பாள், அவள் உன் அம்மாவாகவும் இருப்பாள். ஒருத்தரை நாலு பேர் பார்க்கப் பாராட்டினால், பின்னாலேயே அவருக்கு வருகிற வம்புக்கும் நீதான் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ அப்படி நிற்கவில்லை, தம்பி. உனக்கு வேண்டியவள் என்று பேசுவார்களே என்று பயந்தாய். பசித்தவளுக்குப் போட்டேன் என்று அவள் உண்மையைத்தான் சொன்னாள். அதைக் குற்றம் என்று எழுதினது உன் பேனா. என் பொறாமை பாதி, உன் பயம் பாதி, இரண்டும் சேர்ந்து ஒருத்தியைப் பலகை சுமக்க வைத்துவிட்டன. புது ஊருக்கு என்னையும் வரச் சொன்னாய். இதைப் படித்த பிறகும் கூப்பிட மனசிருந்தால் கூப்பிடு, வருகிறேன். வந்தால் உன் அப்பாவைப் பற்றி நாம் பேச வேண்டும். சூளைக்கு முன்னால் அவர் எப்படி நிற்பார் என்று அஞ்சலைக்குச் சொன்னதை எனக்கும் ஒரு தரம் சொல். எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்.

கவர் மேல் என் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன், உன் ரேங்க் கார்டுகளில் நீ பார்த்த அதே கோணல் கையெழுத்து. அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை வாங்கித் தின்ற வெளியாள் நான்தான். விசாரணைக்குக் கூப்பிட்டால் வந்து நிற்கிறேன், யார் எதிரே வேண்டுமானாலும் சொல்கிறேன். அஞ்சலையிடமும் நானே சொல்லப் போகிறேன். அவள் என்னைத் திட்டட்டும், பலகையைத் தூக்கி எறியட்டும்.

டப்பா மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாலு நாளாக அவள் கேட்கிறாள், நாலு நாளாக மறந்துவிட்டேன் என்கிறேன். தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நம் வீட்டில் யார் பாத்திரம் வந்தாலும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை, ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பேன், உனக்குத் தெரியும். இதில் என்ன போடுவது என்று யோசித்துப் பார்த்தேன். என் சாம்பாரை அவளுக்குக் கொடுக்க எனக்கு முகம் இல்லை. சர்க்கரையும் அரிசியும் அவள் இழந்ததுக்கு ஈடாகாது. நீ உன் அறிக்கையைத் திருத்தி ஒன்றிய ஆபீஸுக்கு எழுது. அவளை மறுபடி சேர்க்கச் சொல்லி அவர்கள் கொடுக்கிற காகிதத்தில் ஒரு நகல் எனக்கு வாங்கிக் கொடு. மடித்து இதற்குள் வைத்து அவள் கையில் கொடுக்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கம்பெனி வாசலில் நிற்பாள், நானும் நிற்பேன். வெறும் டப்பாவோடு என்னை அங்கே நிறுத்திவிடாதே, தம்பி.

அம்மா